அப்பா கட்டிய சாறம்

அவையைத் தலைமையேற்று நடத்தும் சனசமூக நிலையத் தலைவர் பஞ்சலிங்கம் ஐயா அவர்களே, அலைகடல் அளந்த அனுபவத்தோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே, கதிரை கிடைக்காமல் வேலியோரம் நிற்கும் தம்பி தங்கையரே, அனைவர்க்கும் என் வணக்கம்!

கொழும்பில் படித்துத் தொழில்வழிச் சிகிச்சையாளராய்த் திரும்பிய கஜந்தினிக்குப் பாராட்டு விழா என்று அறிவித்தீர்கள். நன்றி. ஆனால், வாசலிலே சின்னாச்சி மாமி என்னை மறித்துக் கேட்டது என்ன? "பிள்ளை, உந்தப் படிப்புப் படிச்சால் டொக்டரோ, இல்லையோ?" இல்லை மாமி, டொக்டர் இல்லை! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் என் தந்தை கதிரவேலுவைப் பாரிசவாதம் வீழ்த்தியது. காற்றோடு கதைத்தவர், கடலோடு கோபித்தவர், கட்டிலோடு முடங்கினார். உயிரைக் காத்த வைத்தியர்களை இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். வலக்கைக்கு மட்டும் அசைவு திரும்பவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? அம்மா ஊட்டினார், நான் அவர் முகம் கழுவினேன், இடுப்பில் சாறமும் கட்டிவிட்டேன். அன்பால் செய்தோம், அழுதழுது செய்தோம். அவரை ஒரு வேலை செய்ய விட்டோமா? மகள் கட்டிவிட்ட சாறத்தோடு சந்திக்குப் போவதா என்று ஏழு மாதம் அவர் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. "நான் இருந்தென்ன, போயென்ன" என்றார். அந்தச் சொல்லுக்குத்தான் நான் பயந்தேன்.

அப்போது வந்தார் தொழில்வழிச் சிகிச்சையாளர் றெஜினா அக்கா. கையைப் பார்க்குமுன் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, என்ன செய்யவேணும் எண்டு உங்களுக்கு ஆசை?"

"என்ரை சாறத்தை நானே கட்டவேணும், பிள்ளை."

"ஓம் ஐயா, கட்டுவம்."

சுவரில் இடுப்பை அழுத்தித் துணியை நிறுத்தி, இடக்கையால் மடித்துச் செருகப் பழக்கினார். சாறம் நழுவியது. மறுநாளும் நழுவியது. உள்ளே காற்சட்டை இருந்தது, பயப்படாதேங்கோ! பதறியோடிப் பிடித்தேன். றெஜினா அக்கா தடுத்தார்.

"கையை எடும், கஜந்தினி! அவர் பழகிறார்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் எடுத்தேன். மூன்றாம் கிழமை சாறம் நின்றது! அன்றே, ஒருவருக்கும் சொல்லாமல், பருத்தித்துறை வீதித் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டார் அப்பா. நாங்கள் கிணறு கிணறாய்த் தேடினோம். அவரோ பிளேன்ரீ குடித்துக்கொண்டு அரசியல் கதைத்துக்கொண்டிருந்தார்.

உயிரைக் காப்பது உயர்ந்த தொழில். காத்த உயிருக்கு ஒரு காலையை, ஒரு கடைத்தெருவை, ஒரு கௌரவத்தைத் திருப்பிக் கொடுப்பதும் உயர்ந்த தொழில் அல்லவா? அதனால்தான் மாமி, நான் டொக்டர் இல்லை!

இந்தப் பொன்னாடை எனக்கு என்றீர்கள். உரியவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறார். றெஜினா அக்கா, மேடைக்கு வாங்கோ. அப்பா, நீங்களே வந்து போர்த்திவிடுங்கோ.

தம்பியவை! அப்பாவைப் பிடிக்க ஏன் படியடிக்கு ஓடுறியள்? கையை எடுங்கோ. அவர் ஏறுவார்.

ஏறிவிட்டார்! பொறுத்து நின்ற உங்கள் கைகளுக்கு என் நன்றி. இனி அவை தட்டட்டும். வணக்கம்!