நாலு நாபும் ஒரு எர்த்து ஒயரும்

லீமா: …திரும்பவும் அதே சத்தமா?

காஸ்பர்: நீங்களே கேளுங்க. தோ… ங்ங்ங்ன்னு. தேன் கூட்டுல கைய வுட்ட மாதிரி.

லீமா: போன ஞாயித்துக்கெழம நான் கெளம்பறப்போ நல்லாத்தான இருந்துச்சு? பூசையில பாடுன பாட்டக் கூட வாசிச்சிக் காட்டுனீங்களே.

காஸ்பர்: இருந்துச்சு… பழைய எலக்ட்ரிக் கித்தாரு லீமா. அம்பது அறுவது வருசத்து சாமான். மனுசனுக்கே ஒரு நாளைக்கு முட்டி வலிக்கிது, ஒரு நாளைக்கு வலிக்கல.

லீமா: முட்டி வலி உங்களுக்கு. எனக்கெல்லாம் இல்ல.

காஸ்பர்: அப்ப அந்த ஸ்டூல்ல ஒக்காராம நில்லுங்க.

லீமா: நிக்க மாட்டேன். விருத்தாசலத்துக்கே மைக் செட்டு ரிப்பேரு பாக்கற காஸ்பருக்கு ஒரு கித்தாரு இரைச்சல நிறுத்த முடியல… வெளிய சொல்லிடாதீங்க. அடுத்த பெருவிழாவுக்கு கோயிலுல வேற ஆளக் கூப்ட்டுடுவாங்க.

காஸ்பர்: கிண்டலு அப்பறம். மொதல்ல சத்தத்த கூட்டிக் கொறைக்கிற நாப் எடுத்தாந்தீங்களா?

லீமா: எடுத்தாராமயா? பஞ்சுல சுத்தி… தோ. வெள்ளையில லேசா மஞ்ச கலந்து பளபளன்னு கிளேஸ் பூச்சு போட்டேன். பொம்மைக்குக் கூட நான் இந்தக் கலரு போட்டதில்ல. கொளஞ்சிநாதன் சூளையில, பீங்கான் ஃபியூஸ் கட்டைங்களுக்கு நடுவுல ஒரு ஓரமா வெச்சி சுட்டது.

காஸ்பர்: அழகா இருக்குது.

லீமா: தெரியும்.

காஸ்பர்: ஆனா சேரல.

லீமா: என்னாது?

காஸ்பர்: தண்டுல ஏறல. ஓட்டை சின்னதா இருக்குது. போன தடவ மாதிரியே.

லீமா: நல்லா அழுத்துங்க.

காஸ்பர்: அழுத்துனா பீங்கானு ஒடைஞ்சிடும். இத ஒங்களுக்கு நான் சொல்லணுமா?

லீமா: …பச்சையில அளந்தப்போ சரியாத்தான் இருந்துச்சு.

காஸ்பர்: பச்சையில எல்லாம் சரியாத்தான் இருக்கும். காஞ்சா சுருங்கும், சுட்டா இன்னும் சுருங்கும்… பாருங்க, பொறந்ததுலேருந்து களிமண்ணுல கெடக்கறவங்களுக்கு மைக் செட்டுக்காரன் பாடம் எடுக்கறேன்.

லீமா: சரி, சரி. அது வரைக்கும் அந்த ஃபேன் ரெகுலேட்டர் நாபே இருக்கட்டும்.

காஸ்பர்: அத எந்த மகராசன் மாட்டுனானோ. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் நம்பரு போட்டுக்கிட்டு… கித்தாரா, சீலிங் ஃபேனான்னு எனக்கே சந்தேகம் வருது. பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டுல செருப்புக்கும் மிக்ஸி ஜாருக்கும் நடுவுல கெடந்தது. மேல சன்னல் கம்பிக்கு அடிக்கிற நீல பெயிண்ட்டு. அதப் போயி வாங்கியாந்தீங்களே!

லீமா: பேரனுக்குத்தான வாங்குனேன்.

காஸ்பர்: மூணு வயசுப் பேரனுக்கு.

லீமா: வளர மாட்டானா?

காஸ்பர்: வளருவான். இப்ப இத அவன் மேல மாட்டுனா, கித்தாரு நிக்கும், அவன் படுத்துடுவான்.

லீமா: ஏன், எம்பேரன கண்ணு வெக்கிறீங்களா? …அட, நீலம் பூராத்தையும் எடுத்துட்டீங்களா!

காஸ்பர்: இப்பத்தான் பாக்கறீங்களா? நீங்க குடுத்த ஹேர் டிரையர்ல சூடு காட்டி, பழைய ஏடிஎம் கார்டால சொரண்டிச் சொரண்டி… அவசரப்பட்டா உள்ள இருக்கற வார்னிசும் வந்துடும். ஓரத்துல கருஞ்செவப்பு, உள்ள வர வர மஞ்ச. பாத்தீங்களா?

லீமா: சூளை கதவ தொறந்தா இருக்குமே, அந்த மாதிரி இருக்குது.

காஸ்பர்: நானும் அதத்தான் நெனச்சேன்.

லீமா: இதப் போயி நீலத்தால மூடி வெச்சானே பாவி… கம்பெனி பேரு கண்டுபுடிச்சிட்டீங்களா?

காஸ்பர்: அதான் புடிபடல. தலையில இருந்த பேரு தகட்ட எவனோ புடுங்கிட்டான், ஆணி ஓட்டை மட்டும் இருக்குது. பின்னாடி கழுத்துத் தகட்டுல ஜப்பான்னு போட்டிருக்குது. கீழ இருக்கற நம்பரு பாதி தேஞ்சி போச்சி. அந்தக் காலத்துல ஒரே ஃபேக்டரியில செஞ்சி வேற வேற பேருல வித்தாங்களாம். பேரு தெரிஞ்சாத்தான் ஒரிஜினலு எப்புடி இருந்துச்சின்னு பாத்து மத்த வேலைய முடிக்கலாம்.

லீமா: பெங்களூருக்கு போட்டோ அனுப்பினீங்களே… பழைய கித்தாரா சேத்து வெச்சிருக்காரே, நந்தகுமாரு. அவரு என்னா சொன்னாரு?

காஸ்பர்: இன்னும் பதிலு வரல. பிஸியான ஆளு.

லீமா: ஓ… பிஸி.

காஸ்பர்: டீ சொல்லட்டா?

லீமா: சொல்லவே வாணாம். நான் தெரு முனையில வரப்பவே எதிர்க்கடை பானுமதி ரெண்டு டம்ளர கழுவ ஆரம்பிச்சிட்டா. கழுவிக்கிட்டே ஒரு சிரிப்பு.

காஸ்பர்: சிரிச்சா சிரிச்சிட்டுப் போறா.

லீமா: ஒங்களுக்கென்ன, ஆம்பள. கோயிலுல பெஞ்சுக்குப் பெஞ்சு திரும்பி என்னைத்தான் பாக்கறாங்க. பூசை முடிஞ்சா பொம்மைக்காரி லீமா மைக் செட்டு கடையிலதான் இருப்பான்னு.

காஸ்பர்: …கஷ்டமா இருக்குதா?

லீமா: இருந்துச்சு. எப்புடியும் சனிக்கெழமையோட அந்தப் பேச்சு நின்னுடும்.

காஸ்பர்: சனிக்கெழம என்னா?

லீமா: சொல்லணும்னுதான் இருந்தேன்… ஓசூர்லேருந்து ஜெசி வரா. மருமவனும் வராரு. வேன் எடுத்துக்கிட்டு.

காஸ்பர்: வேனா? பஸ்ஸுலதான வருவாங்க ஒங்க பொண்ணு?

லீமா: இந்தத் தடவ வேன். ‘அப்பா போனதுலேருந்து அந்த வூட்ல ஒண்டியா எதுக்கும்மா கெடக்கற, எங்கூட வந்துடு’ன்னு எம்மாம் நாளா கூப்புடறா. நாந்தான் கித்தாரு முடியட்டும், கித்தாரு முடியட்டும்னு தள்ளிக்கிட்டு வந்தேன்.

காஸ்பர்: கித்தாருதான் இன்னும் முடியலியே.

லீமா: அது முடியற மாதிரி தெரியலியே.

காஸ்பர்: இரைச்சலோடயா எடுத்துக்கிட்டுப் போவீங்க? நல்ல சாமான் லீமா. அப்புடி அரகொறையா குடுத்தனுப்ப எனக்கு மனசு வராது. இன்னும் ரெண்டு மூணு வாரம்… ஆடி முடியட்டும்…

லீமா: நமக்கு எதுக்கு ஆடி? அந்த ஸ்க்ரூ டிரைவர இப்புடி குடுங்க.

காஸ்பர்: எதுக்கு?

லீமா: பின்னாடி மூடிய கழட்டிப் பாக்கப் போறேன்.

காஸ்பர்: வாணாம். ஷாக் அடிக்கும்.

லீமா: பிளக்க புடுங்கிட்டேன். நவுருங்க.

காஸ்பர்: அது நுணுக்கமான வேலைங்க…

லீமா: பொம்மைக்கு கண்ணு எழுதறவகிட்ட நுணுக்கமாம். நவுருங்கன்னா… ம். இது என்னா, இந்தக் கறுப்பு ஒயரு மட்டும் தனியா தொங்குது?

காஸ்பர்: எங்க? …ஓ, அதுவா. எர்த்து ஒயரு.

லீமா: எங்க ஒட்டியிருக்கணும்?

காஸ்பர்: அந்தத் தகட்டுல.

லீமா: இது வுட்டுப் போனாத்தான் இரைச்சல் வருமா?

காஸ்பர்: …வரும்.

லீமா: தானா பிச்சிக்கிச்சா?

காஸ்பர்: பழசு இல்லியா…

லீமா: தானா பிச்சிக்கிட்டா ஒயரு நுனி பிசிறு பிசிறா இருக்காது? இது வழவழன்னு இருக்குது. சூடு காட்டி, ஈயத்த பதமா உருக்கி, வலிக்காம எடுத்திருக்காங்க. யாரு எடுத்தது?

காஸ்பர்: …எலி.

லீமா: ஒங்க கடையில எலிக்கு சால்டரிங் அயர்ன் புடிக்கத் தெரியுமா?

காஸ்பர்: லீமா…

லீமா: வாராவாரமா?

காஸ்பர்: ஞாயித்துக்கெழம ஒங்க முன்னாடி ஒட்டுவேன். அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க வரதுக்கு முன்னாடி எடுத்துடுவேன்.

லீமா: பூசைக்கு முன்னாடியா, பின்னாடியா?

காஸ்பர்: முன்னாடி. அப்பறம்தான் பூசையில நற்கருணை அப்பம் வாங்கப் போவேன்.

லீமா: அய்யய்யோ, ஆண்டவரே! …நந்தகுமாரு கதையும் இதே கததானா?

காஸ்பர்: இல்ல, அவரு நெசமாவே பதிலு…

லீமா: போன வாரம் நீங்க டீ வாங்கப் போனப்போ ஒங்க போனு அடிச்சிது. நாந்தான் எடுத்தேன். ‘அக்கா, அந்தக் கித்தாரு என்னாச்சி? கம்பெனி பேரு, வருசம் எல்லாம் சித்திரையிலயே அனுப்பிட்டேனே’ன்னாரு. நானும், அவரு மறந்துட்டாரு தம்பின்னு சொல்லி வெச்சேன்.

காஸ்பர்: ஒரு வாரமா தெரிஞ்சிக்கிட்டே ஒண்ணும் கேக்காம இருந்தீங்களா?

லீமா: நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். பிஸியான ஆளுன்னு இப்பவும் கூசாம சொல்றீங்க.

காஸ்பர்: …சரி. என் குட்டு வெளிய வந்துடுச்சி. இப்ப நீங்க வாங்க. அந்த தகர டப்பாவ தொறங்க.

லீமா: இது என்னா?

காஸ்பர்: நீங்க இது வரைக்கும் குடுத்த நாப். இன்னிக்கி குடுத்ததோட நாலு. ஒண்ணு நீலம், ஒண்ணு பச்ச, ஒண்ணு காப்பிக் கலரு, ஒண்ணு வெள்ள. மூணையும் போன வாரமே வெர்னியர் அளவுகோல்ல அளந்து வெச்சேன். இதயும் தோ… ம். நாலும் ஒரே அளவு. மயிரிழ வித்தியாசம் இல்ல.

லீமா: அதுக்கு?

காஸ்பர்: தெரியாம தப்பு பண்றவங்க மொத தடவ சின்னதா செஞ்சிடுவாங்க. அடுத்த தடவ பயந்துக்கிட்டு பெருசா செஞ்சிடுவாங்க, அது லொடலொடன்னு ஆடும். மூணாவது தடவ கிட்ட வந்துடும். நாலு தடவயும் அதே தப்பு, அதே அளவு… அப்ப அச்ச நீங்க தொடவே இல்ல. ஒரே பிளாஸ்டர் அச்சு. கலர மட்டும் மாத்தி மாத்தி எனக்கு காது குத்தியிருக்கீங்க.

லீமா: சிரிக்காதீங்க.

காஸ்பர்: நூத்துக்கு எத்தன சுருங்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றவங்க நீங்க.

லீமா: சிரிக்காதீங்கன்னு சொல்றேன் இல்ல… சரியான நாப் மொதல்லயே செஞ்சிட்டேன்.

காஸ்பர்: எங்க அது?

லீமா: வூட்ல. மாதா படத்துக்குப் பின்னாடி.

காஸ்பர்: மாதாவயும் கூட்டு சேத்துக்கிட்டீங்களா!

லீமா: நீங்க நற்கருணையவே சேத்துக்கிட்டீங்க. பேசாதீங்க.

காஸ்பர்: இன்னொண்ணும் கேக்கணும். மாசி மகத்தப்போ மொத மொத இத தூக்கிக்கிட்டு வந்தீங்களே, அப்ப ‘அண்ணே, இது எந்தக் கித்தாருன்னு பாருங்கண்ணே’ன்னீங்க. வைகாசியிலேருந்து அந்த அண்ணனக் காணும். எங்க போனான்?

லீமா: ‘லீமாம்மா, லீமாம்மா’ன்னு ஒருத்தரு இருந்தாரு. அவருதான் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

காஸ்பர்: …பேரனுக்குன்னு சொன்னதும் பொய்யா?

லீமா: கடைக்குள்ள வரதுக்கு வேற என்னாத்த தூக்கியாறது? மைக் செட்டு வாடகைக்கு வோணும்னு கேக்கவா? எங்க வூட்ல என்னா விசேசம்? கித்தாரு வாசிக்கிற ஆளு ஆச்சே, கித்தாரு எடுத்துக்கிட்டுப் போனா வாணாம்னு சொல்ல மாட்டாருன்னு நெனச்சேன்.

காஸ்பர்: லீமா.

லீமா: சொல்லுங்க.

காஸ்பர்: எம்பொஞ்சாதி லிசா தவறிப் போனப்பறம் நான் இந்த ஆம்ப்ளிஃபயருங்ககிட்டதான் பேசிக்கிட்டு இருந்தேன். அதுங்க திருப்பி இரைஞ்சிதுங்க, அவ்ளோதான். நீங்க வந்து, அந்த ஸ்டூல்ல ஒக்காந்துக்கிட்டு, என்னை நாலு வாங்கு வாங்கிட்டுப் போனீங்கன்னா… அந்த வாரம் பூரா எனக்கு நல்லா இருக்குது. ரெண்டு டம்ளர் டீ வருது பாருங்க, அதப் பாத்தாலே வயிறு ரொம்பிடுது. போவாத லீமா. வேன திருப்பி அனுப்பிடு. ஜெசிகிட்ட நானே பேசறேன். பங்குச் சாமியாரப் போயி நானே பாக்கறேன். பானுமதி சிரிக்கட்டும், ஊரே சிரிக்கட்டும். எனக்கு நீ வோணும்.

லீமா: …‘நீ’ன்னுட்டீங்க.

காஸ்பர்: தப்பா?

லீமா: சொன்னப்பறம் கேக்கறீங்க.

காஸ்பர்: பதிலு சொல்லு.

லீமா: மொதல்ல அந்த ஒயர ஒட்டுங்க. திரும்ப எடுக்காத மாதிரி.

காஸ்பர்: …தோ. ஒட்டிட்டேன். மூடியும் போட்டாச்சி. பிளக்க சொருவு.

லீமா: வாசிங்க.

காஸ்பர்: கேக்குதா?

லீமா: இரைச்சலே இல்ல.

காஸ்பர்: இல்ல. …கண்ணத் தொடச்சிக்க. பானுமதி பாக்கறா.

லீமா: பாக்கட்டும். ஆனா காஸ்பரு, வேன திருப்பி அனுப்ப முடியாது.

காஸ்பர்: ஏன்? இன்னும் நாளு இருக்குது இல்ல? ஒரு போனு பண்ணு. இல்ல, நம்பரக் குடு, நான் பண்றேன்…

லீமா: அது எஞ்சாமான ஏத்த வரல. ஜெசி மாமனாரு, மாமியாரு, ஸ்ரீமுஷ்ணத்துலேருந்து சின்னம்மா, திட்டக்குடியிலேருந்து எங்கண்ணன்னு வேன் நெறைய ஆளா ஏத்திக்கிட்டு, தாம்பாளத்துல பூ பழத்தோட நேரா இந்தக் கடை வாசல்லதான் வந்து நிக்கப் போவுது. நீங்களா கேப்பீங்கன்னு நம்பி இருந்தா எங்க வூட்டு களிமண்ணே தீந்துடும்னு நானே ஜெசிகிட்ட சொல்லிட்டேன். சனிக்கெழம அந்த ஈயம் பட்ட சட்டைய கழட்டிட்டு நல்லதா ஒண்ணு போட்டுக்கிட்டு இருங்க… எம்பொண்ணு அவங்கம்மாவுக்கு மாப்ள பாக்க வரா.