நான்காவது முகவரியில் கிடந்த பெயர்

நான் நீட்டிப் பேசினால் மணியடிப்பதற்கென்றே மேசைமேல் கைவைத்துக் காத்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! வார்டு வார்டாக நடந்தே வாழ்நாளைக் கழித்து, இன்று முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! அடுப்பையும் அலுவலையும் அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் அன்னையர்களே! குளிரறையில் என்னோடு கோட்டுப் போட்டு நடுங்கும் கணினித்துறைத் தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

கணினிக்குள் ஓடும் ஒரு நிரல், அதாவது புரோகிராம், இன்னொரு நிரலுக்குச் சேதி கொடுத்தனுப்பும் முறையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்த மூலையில் ஓர் அண்ணன் கொட்டாவி விடுகிறார். விடுங்கள் அண்ணே, அது பாதியிலேயே நின்றுவிடும்!

எங்கள் மருத்துவமனையின் பெரிய கணினியில் ஒரு முதன்மை நிரல் உண்டு. மறுநாள் யார் சிகிச்சைக்கு வரவேண்டுமோ, அவர்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அது அழைப்பு விடுக்கும். போகிற வழியில் ஓரிடத்தில் நின்று, வெளியே காத்திருக்கும் ஒரு குட்டி நிரலிடம் பொறுப்பைக் கொடுக்கும். அதற்கு எக்ஸிட் என்று பெயர். அழைப்பில் ஒலிக்கும் வாசகத்தை அமைப்பது எக்ஸிட்டின் வேலை. அதன் கையில் முதன்மை நிரல் என்ன கொடுக்கும்? பொருளையா? இல்லை ஐயா, அந்தப் பொருள் கணினியின் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரிகளை! நாள் இந்த முகவரியில், நேரம் இந்த முகவரியில், மருத்துவர் இந்த முகவரியில். கடைசி முகவரியின் தலையில் ஒரு குறி இருக்கும். 'இதோடு சரி, இதைத் தாண்டாதே' என்று பொருள்.

தாண்டினால்? தாண்டினால் என்ன ஆகும் தாய்மார்களே?

ஒருநாள் காலை தாண்டியது. நோயாளியைப் பெயர் சொல்லி அழைக்கலாமே என்று எக்ஸிட்டை யாரோ மாற்றியிருந்தார்கள். மாற்றிய எக்ஸிட் நான்காவதாக ஒரு முகவரியை எதிர்பார்த்தது. முதன்மை நிரலோ வழக்கம்போல மூன்றே கொடுத்தது. குறியைப் பார்க்காத எக்ஸிட், அடுத்த இடத்தில் கையை விட்டது. எப்போதோ ஓடி முடிந்த ஏதோ ஒரு நிரல் விட்டுப்போன முகவரி அங்கே கிடந்தது. அந்த முகவரிக்குப் போய், அங்கிருந்ததைப் பெயர் என்று எடுத்து வந்துவிட்டது.

ஊரெங்கும் தொலைபேசி ஒலித்தது. எடுத்தவர் காதில் ஒரு பெண்குரல், பதறாமல், பரிவாகச் சொன்னது: "கட்டெறும்பு, நாளை காலை மருத்துவமனைக்கு வாருங்கள்."

தையல்காரருக்கும் கட்டெறும்பு! தலைமையாசிரியருக்கும் கட்டெறும்பு! ஓய்வுபெற்ற நீதிபதிக்கும் கட்டெறும்பு! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம். பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண் எங்கள் அறை வாசலில் வந்து நிற்கும்வரை சிரித்தோம்.

"என் தம்பி எங்க?" என்றார்.

"யாரும்மா உங்க தம்பி?"

"கட்டெறும்பு. அது நான் வச்ச பேரு. வீட்டுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். ஆத்துல வெள்ளம் வந்தப்ப போனவன், இன்னும் திரும்பல. கண் பரிசோதனைக்கு எனக்கு நாள் சொல்ல வந்த போன்ல, அவன் பேரச் சொல்றீங்க."

குளிரறைக்குள் இத்தனை வருடம் இருந்தவன் நான். அன்றுதான் எனக்கு உண்மையாகவே குளிர்ந்தது.

எங்கள் மேலாளர் பதமாகச் சொன்னார்: "அது மெஷின் கோளாறும்மா. எல்லாருக்கும் அப்படித்தான் போயிருக்கு. நிறுத்திட்டு மறுபடி போட்டா சரியாயிடும்."

"கோளாறுன்னே வச்சுக்குங்க சார். அந்தக் கோளாறுக்கு இந்தப் பேர யாரு சொல்லிக் குடுத்தா?"

அப்போது எழுந்தார் எங்கள் நிரலர் ஒருவர். அவரைப் புள்ளியக்கா என்போம். எதையும் முடிவுக்குறி இல்லாமல் விடமாட்டார்.

"சார், கூப்பிடுறத மட்டும் நிறுத்துங்க. மெஷின நிறுத்தாதீங்க. நிறுத்தினா நினைவகம் தொடச்ச மாதிரி ஆயிடும், அந்தப் பேரும் போயிடும். இருக்கறது இருக்கறபடி ஒரு படி எடுத்துக்கறேன்."

"ஜனங்க போன் போட்டுத் திட்டுறாங்கம்மா!"

"திட்டட்டும் சார். நான் வாங்கிக்கறேன்."

நினைவகத்தின் படியைத் திரையில் விரித்து, அந்த நான்காவது முகவரியைப் பிடித்துக்கொண்டே போனார் அக்கா. பெயர் தனியாக இல்லை. அதன் பக்கத்தில் ஒரு படுக்கை எண். அதன் பக்கத்தில்: ஆண், வயது தெரியாது, பேச்சு இல்லை. நீண்டநாள் நோயாளிகளின் கட்டடத்துப் பதிவு அது!

உடனே அந்த வார்டுக்குப் போன் போட்டோம். செவிலியர் சொன்னார்: "ஆமாங்க, வெள்ளத்துல அடிபட்டு வந்தவரு. அந்த ஒரு வார்த்தைதான் சொன்னாரு. பேருன்னு பதிஞ்சுட்டோம். அப்புறம் வாயே திறக்கல."

ஓட்டுநரான அந்தத் தமக்கை எத்தனையோ தடவை இதே மருத்துவமனைக்கு வந்து, தம்பியின் முறையான பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்படி யாரும் இல்லை என்றே பதில் வந்திருக்கிறது. பொய்யில்லை, அப்படி யாரும் இல்லைதானே!

செவிலியர் இன்னொன்றும் சொன்னார். "என்னமோ தெரியல, இன்னைக்குக் காலையிலேர்ந்து படுக்கவே மாட்டேங்கறாரு. சட்டைய மாட்டிக்கிட்டு வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்காரு."

நான் கூடவே போனேன். தமக்கை வாசலில் நின்றார். தம்பி சத்தமில்லாமல் எழுந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். தமக்கை அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, சரியாகப் போட்டுவிட்டு, "வீட்டுக்குப் போலாம் வாடா" என்றார். கண்ணீரைத் துடைக்க மறந்து நின்றோம் நாங்கள்.

எக்ஸிட்டை அன்று மாலையே திருத்தினார் புள்ளியக்கா. ஆனால் ஒன்று அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அந்தப் பதிவை எழுதிய நிரல் ஓடி முடிந்து மாதக்கணக்காகிறது. அதே நினைவிடத்தில் அதற்குப் பிறகு எத்தனை நிரல்கள் எழுதின! எத்தனை அழித்தன! அந்த ஒரு பெயர் மட்டும் எப்படி மிஞ்சியது? யாருக்காக மிஞ்சியது?

தோழர்களே! முகவரி கொடுக்கிறபோது முடிவுக்குறி போடுங்கள். முகவரி வாங்குகிறபோது முடிவுக்குறி பாருங்கள். அது தொழில். ஆனால் என்றாவது ஒருநாள் உங்கள் இயந்திரம் சொல்லிக்கொடுக்காத சொல்லைச் சொன்னால், அதன் வாயை அடைக்கும் முன் கேளுங்கள்: 'இது யாருடையது?' கேளுங்கள்! நாம் இங்கே கூடியிருக்கும் இந்த நேரத்திலும், மூடிய கதவுக்குப் பின்னே, குளிரில், இருளில், துடைக்கப்படாத பெயர்கள் கிடக்கின்றன. யாராவது தவறியாவது கூப்பிட மாட்டார்களா என்று கிடக்கின்றன!

மணியைத் தொடாத தலைவருக்கும், மூச்சை அடக்கிக் கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.