ஐந்தாம் காலுக்குப் போன கம்பி

வெள்ளிக்கிழமை, காலை 9.40 மணி. தானாகக் காவல் நிலையத்துக்கு வந்தவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட கூடுதல் வாக்குமூலம்.

என் பெயரும் தகப்பனார் பெயரும் திங்கட்கிழமை நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளன. வயது நாற்பத்து மூன்று. மரப்பட்டறைக்கு மேல் மாடியில், பின்பக்கப் படிக்கட்டு வழியாகப் போகும் வீட்டில் மனைவியுடன் குடியிருக்கிறேன். இயந்திரங்களுக்கு நேரக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து மாட்டிக் கொடுப்பது என் தொழில். டைமர்காரர் என்று கேட்டால்தான் தெருவில் எவருக்கும் என்னைத் தெரியும்.

அட்டைப்பெட்டிப் பட்டறையில் வெட்டு இயந்திரத்தை ஓட்டுபவர் என் மனைவியின் அண்ணன். நான் அவரை மச்சான் என்றும் அவர் என்னை மாப்பிள்ளை என்றும் கூப்பிடுவோம். அவர் காலால் மிதியை அழுத்தியதும் எச்சரிக்கை ஒலி வரும். அது வந்து நான்கு விநாடி கழித்து மேல்தட்டு இறங்கி அட்டையை வெட்டும். அந்த நான்கு விநாடிக்குள் எதிர்ப்பக்கம் நிற்கும், பட்டறையில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண், முன்பு வெட்டிய அட்டையின் கழிவை இழுத்துக்கொள்வார். அந்த நான்கு விநாடியை எண்ணுவது நான் செய்த பெட்டி.

அதிகாரி புரியும்படி சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். வாளியில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். பெட்டிக்குள் ஒரு கெபாசிட்டரில் மின்சாரம் மெல்ல நிறையும். ஒரு கோட்டைத் தொட்டதும் நேரம் முடிந்துவிடும். அந்தக் கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதை எட்டுக் கால் உள்ள டைமர் சில்லு என்ற சிப்பின் ஐந்தாம் கால் தீர்மானிக்கும். ஐந்தாம் காலுக்கு வெளியிலிருந்து வோல்டேஜ் கொடுத்துக் கூட்டினால் கோடு ஏறும், நேரம் நீளும். குறைத்தால் கோடு இறங்கும், நேரம் சுருங்கும். அட்டையின் கனத்துக்குத் தகுந்தபடி நேரத்தை மாற்ற ஒரு குமிழ் வேண்டுமென்று முதலாளி கேட்டார். அதை ஐந்தாம் காலோடு இணைத்து மேசை ஓரத்தில் வைத்தேன். முழுக்க இறக்கினாலும் மூன்று விநாடிக்குக் கீழே போகாதபடி செய்தேன்.

சில்லுக்கு ஏற்ற இறக்கம் இல்லாத நிலையான வோல்டேஜ் கொடுத்திருந்தேன். குமிழுக்கு மட்டும், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால், இயந்திரத்துக்கு வரும் மின் லைனிலிருந்தே கம்பி எடுத்தேன். நிலையான இடத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் மேசைக்கு அடியில் படுத்து இன்னொரு கம்பி இழுத்திருக்க வேண்டும். சோம்பல்பட்டேன். அதன் பிறகு மதிய இடைவேளையில், எல்லா இயந்திரமும் நின்றிருந்தபோது, கையில் கடிகாரத்தோடு இருபது தடவை சோதித்தேன். இருபது தடவையும் நான்கு விநாடி வந்தது. கர்வமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து மச்சான் என் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "மாப்ளே, உங்க டப்பா அப்பப்ப அவசரப்படுது. ஒருதடவ வந்து பாருங்க" என்றார். நான், "டப்பா அவசரப்படாது மச்சான். நீங்கதான் டீக்கு அவசரப்படுறீங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த மாதமும் சொன்னார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. எட்டாவதோடு நின்றவர் எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டாரே என்று நினைத்தேன். போய்ப் பார்க்கவில்லை. இதை முதல் வாக்குமூலத்தில் நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஒலி வந்த உடனே தட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் நின்ற அக்காவின் வலது கையில் மூன்று விரல் போனது. அதன் பிறகு அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். குமிழ் நடுவில், சரியான இடத்தில் இருந்ததை நானே பார்த்தேன். பார்த்தும், "வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மச்சான்தான் பெட்டியைத் திறந்து நேரத்தைக் குறைத்திருப்பார், விபத்துக்குப் பிறகு பழையபடி வைத்திருப்பார்" என்று எழுதிக் கொடுத்தேன். அப்படி நடந்ததை நான் பார்க்கவில்லை. என் பெட்டி தப்புச் செய்யாது என்ற ஒன்றைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. அன்று மாலையே மச்சானைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

வீட்டுக்குப் போய் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை. மனைவி, "அண்ணன் பெட்டியத் தொடவே இல்லயாங்க. பிள்ளைங்க மேல சத்தியம் பண்றாரு" என்று சொல்லி அழுதாள். நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், மேசை மேல் இருந்த மாதிரிப் பெட்டியை ஓடவிட்டு எண்ணினேன். நான்குதான் வந்தது. நிம்மதி மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, இதே பெட்டியை நான் மாட்டிய இன்னொரு பட்டறைக்குப் போய், வேலை நடக்கும்போதே ஓரமாக நின்று எண்ணினேன். நான்கு, நான்கு, நான்கு என்றே வந்தது. அதன் பிறகு மூலையில் இருந்த பெரிய கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது, விளக்குகள் ஒரு கணம் மங்கின, அந்தக் கணமே தட்டு இறங்கியது. ஒன்றரை விநாடிகூட ஆகியிருக்காது. கம்ப்ரசர் கிளம்பும்போது லைனில் வோல்டேஜ் விழுகிறது, அதனால் ஐந்தாம் காலிலும் விழுகிறது, கோடு சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. மச்சானின் பட்டறையிலும் இதே போன்ற கம்ப்ரசர் இருக்கிறது. மதிய இடைவேளையில் கம்ப்ரசர் ஓடாது என்பதைச் சோதித்த அன்று நான் யோசிக்கவே இல்லை.

அப்போதே நேராக இங்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் இந்தப் பெட்டி மாட்டிய மற்ற நான்கு பட்டறைகளுக்கும் அலைந்து, குமிழுக்குப் போன கம்பியை வெட்டிவிட்டு நிலையான இடத்திலிருந்து புதுக் கம்பி கொடுத்தேன். ஒரு பட்டறையில் கழிவு இழுக்கும் பெண், "நல்லாத்தானண்ணே ஓடுது, எதுக்கு நோண்டுறீங்க" என்று கேட்டாள். "சும்மா, வருசா வருசம் பாக்குறதுதான்" என்றேன். அவள் இரண்டு கையையும் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் பேசினாள். இன்னொருவர் கை போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அலைகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. தடயம் இல்லாமல் போகட்டும் என்பது மீதிப் பாதி. வெட்டிய நான்கு கம்பிகளையும் இப்போது ஒப்படைத்திருக்கிறேன். விபத்து நடந்த பிறகு சீல் வைத்த இயந்திரத்தில் ஐந்தாவது கம்பி அப்படியே இருக்கிறது. கம்ப்ரசரை ஓடவிட்டு எண்ணிப் பார்க்கலாம்.

இன்று காலை ஏழு மணிக்கு என் மனைவி அண்ணனுக்குச் சாப்பாடு கொடுக்க இங்கே வந்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் நான்கு நாளில் முதல் தடவையாகத் தெளிந்திருந்தது. அண்ணன் ஒரு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார் என்றாள். "மாப்பிள்ளையக் கூட்டிட்டு வா. அந்த டப்பாவப் பத்தி அவருக்குத்தான் தெரியும். அவரு ஒரு வார்த்த சொன்னா என்ன விட்ருவாங்க" என்று சொன்னாராம். அவரை உள்ளே வைத்ததே என் வார்த்தைதான் என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவளே என் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு அவளோடு வந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

மேலே உள்ளதை எழுத்தர் இருமுறை படித்துக் காட்டினார். சொன்னதெல்லாம் நடந்தது, என் முழு மனதோடு சொன்னது. முதல் வாக்குமூலத்தில் மச்சானைப் பற்றி நான் சொன்னது பொய். இதை வெளியே இருப்பவளுக்கும் ஒருமுறை படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். என் வாயால் சொல்ல முடியவில்லை.

(கையொப்பம்)