ஒரு தட்டு என்றால் ஆமாம்

"ஹலோ... அம்மா, நான்தான்... ஆமா, வீட்லேர்ந்துதான்... சாப்பிட்டேன்... சாப்பிட்டேன்மா... அதுக்கு எதுக்கு ரெண்டு தட்டு? நான் சாப்பிட்டது உனக்கு எப்படித் தெரியும், சாப்பிடாதது எப்படித் தெரியும்... சரி, சாப்பிடல. இப்ப சாப்பிடறேன்..."

அம்மாவுக்குக் குரல் கிடையாது. தொண்டையில் வந்த புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். ஆகவே போனில் அந்தப் பக்கம், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு ஆள் இருக்கிறாள் என்பதற்கு மூச்சுச் சத்தம்கூட அத்தாட்சி இல்லை. பாழுங்கிணற்றுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே போக வேண்டும். திடீரென்று உள்ளேயிருந்து நகம் தட்டும். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. மூன்று என்றால் வாயை மூடு. மூன்றாவதை அம்மா கண்டுபிடித்ததே இந்த மகனுக்காகத்தான். வீட்டில் இவனுக்கு வாயாடி என்று பெயர்.

எழுதி அனுப்பலாமே என்று உறவினர்கள் யோசனை சொல்லாமல் இல்லை. அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். குனிந்து போனில் எழுத்துத் தட்டுகிறவன் எவனாக இருந்தாலும் அவளுக்கு ஜென்ம விரோதி. உயிரே போனாலும் அந்தக் கட்சியில் சேர மாட்டாள்.

"ஸ்கேனா?... ஆமா, வந்துருச்சு. காலையிலேயே டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு... நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு..."

நல்லாவெல்லாம் இல்லை. நுரையீரலுக்குப் போய்விட்டது. அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று தீர்மானம் போட்டவர் அப்பா. போனில் சொல்லிவிடலாம் என்பதும் அவருடைய திட்டம்தான். அம்மாவுக்கு முன்னால் நின்று, முகத்தை வைத்துக்கொண்டு பொய் சொல்லி, இந்தக் குடும்பத்தில் ஒருவரும் இதுவரை தேறியதில்லை. போனில் முகம் தெரியாது. குறுக்குக் கேள்வி கேட்க அவளுக்குக் குரலும் கிடையாது. அப்பாவுக்கு இது பாதுகாப்பான ஏற்பாடாகத் தோன்றியது. எதிராளி பேசாமல் இருந்தால் பொய் சொல்கிறவன் தன் பாட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விடுவான் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"...டாக்டரே அசந்துட்டாரும்மா. வயசுக்கு எவ்வளவு தெம்புங்கறாரு. இப்படி ஒரு நுரையீரலை நான் பார்த்ததே இல்லைங்கறாரு..."

வாயாடி நிறுத்தினான். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நுரையீரலைப் பற்றி அம்மாவிடம் இதுவரை யாரும் மூச்சு விடவில்லை.

"ஹலோ?... அம்மா?... இருக்கியா?... ஒண்ணு. இருக்கே. சரி... என்ன, ஏதாவது கேக்கணுமா?... ஒண்ணு. கேளு. அதாவது நான் கேக்கறேன், நீ சொல்லு... வலிக்குதா?... ரெண்டு. பொய் சொல்லாதே... நாளைக்கு யாரு வர்றாங்கன்னு கேக்கறியா?... இல்லை. கார் சர்வீஸ் விட்டாச்சான்னா?... மூணு. சரி, சரி. வாயை மூடிட்டா எப்படிம்மா கண்டுபிடிக்கறது..."

பேச முடியாதவளோடு பேசுவதில் உள்ள அநியாயம் இதுதான். அவள் மனசில் இருப்பதை அவள் சொல்ல முடியாது. யார் அதைச் சொல்லப் பயப்படுகிறானோ அவனே தன் வாயால் சொல்லியாக வேண்டும். வாயாடி சுற்றிச் சுற்றி வந்தான். சுவரில் சாலைக் குறிகள் வரைந்த பெரிய அட்டை தொங்கியது. அதில் இருந்த அத்தனை வளைவுகளிலும் அவன் திரும்பிப் பார்த்தான். எல்லாம் ஒரே இடத்தில்தான் கொண்டு விட்டன.

"அம்மா... அது பரவிடுச்சான்னு கேக்கறியா?... ரெண்டா? கேக்கலையா? அப்ப என்ன... உனக்கு... உனக்குத் தெரியுமா?... ஒண்ணு."

சித்தி. வேறு யாராக இருக்க முடியும். அம்மாவின் குரல் போனதிலிருந்து சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவளுக்குக் காதும் போய்விட்டதாக நடந்துகொண்டார்கள். அவளிடம் பேசும்போது ஒவ்வொரு சொல்லாகக் கத்துவார்கள். அவளைப் பற்றித் தங்களுக்குள் பேசும்போது சாதாரணக் குரலில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே பேசுவார்கள். சித்தி மதியம் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு தன் மாமியாருக்குப் போன் போட்டு, நெஞ்சுக்கும் இறங்கிவிட்டது, இனிமேல் வைத்தியம் என்பது வலிக்கு மட்டும்தான் என்று விலாவாரியாகச் சொல்லியிருக்கிறாள். போனை வைத்ததும் அம்மா பக்கம் திரும்பி, "பழம்! சாப்பிடறியாக்கா! பழம்!" என்றும் கத்தியிருக்கிறாள். இதை வாயாடி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, ஒவ்வொரு தட்டாக வாங்கித் தெரிந்துகொண்டான். பழத்தை மட்டும் அவனாகவே ஊகித்தான். அதற்கும் ஒரு தட்டு கிடைத்தது.

அப்பா என்ன என்ன என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரிம்மா... உம்... உம்... இன்னும் இருக்கா?... அப்பாவைப் பத்தியா?... ஒண்ணு. அப்பாவுக்கு என்ன... உனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?... ஒண்ணு... ஏம்மா, தாங்க மாட்டாருன்னா?... ஒண்ணு. சரி. சொல்லல... இன்னும் என்ன, அவரு பக்கத்துல இருக்காரான்னா?... ஒண்ணு..."

வாயாடி நிமிர்ந்து பார்த்தான். அப்பா இல்லையென்று சொல் என வேகமாகத் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. வெளிய போயிருக்காரு."

ஒரு வகையில் அது பெரிய பொய்யும் இல்லை. அறுவை சிகிச்சை நடந்த அன்றைக்கு அப்பா சிகரெட்டை விட்டார். ஆனால் பழக்கதோஷம், இன்றைக்கும் நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்குப் போவார், வெறுங்கையோடு சாலையைப் பார்த்தபடி நிற்பார், ஒரு சிகரெட் தீர்கிற நேரம் ஆனதும் உள்ளே வருவார். முன்பெல்லாம் வாசலுக்குப் போனவரும் இல்லை. டிரைவிங் ஸ்கூலின் ஆபீஸ் என்பது வீட்டின் இந்த முன்னறைதான். லாரிப் புழுதி வருகிறது என்று ஜன்னலைத் திறக்கவே மாட்டார்கள். சுவர் ஓரம் நின்று அம்மா வாயைத் திறந்து சாலை விதிகளை நடத்துவாள். மேஜைக்குப் பின்னால் அப்பா வாயைத் திறந்து புகையை விடுவார். படிக்க வந்தவர்கள் உரிமம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா அங்கேயே இருந்தாள். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை.

தன் புகையால்தானா என்று டாக்டரிடம் அப்பா கேட்டிருக்கிறார், ஒரு முறை அல்ல. புகை ஒரு காரணம், பிடிக்கிறவருக்கு ஆபத்து அதிகம், பக்கத்தில் இருக்கிறவருக்கும் உண்டு, ஆனால் இன்னாருக்கு இதனால்தான் வந்தது என்று ஒரு ஆளைக் காட்டிச் சொல்ல எங்களால் முடியாது என்று அவரும் சலிக்காமல் சொன்னார். அப்பாவின் காதில் ஒவ்வொரு முறையும் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

இப்போது அவர் மேஜைமேல் சாய்ந்து, போனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"கேளு. என்னாலதானான்னு கேளு."

வாயாடி மாட்டேன் என்றான், வாயைத் திறக்காமல். அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா விடவில்லை. தான் எதிரில் இருந்தால் அவள் நிஜத்தைச் சொல்ல மாட்டாள், இப்போது தான் வெளியே போயிருக்கிறோம், இதைவிட்டால் இனி எப்போது என்றார். பிறகு அவரே கையை நீட்டி, போனை மகன் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

அறைக்குள் வார்டு வந்தது. தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிரீச்சிட்டபடி போயிற்று. யாருக்கோ சளி உறிஞ்சும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை.

"அம்மா... கடைசியா ஒண்ணு... எனக்குத் தெரியணும், அதுக்காகத்தான் கேக்கறேன்... இது அப்பாவோட சிகரெட்டாலதான் வந்துச்சுன்னு நீ நெனைக்கறியாம்மா?"

சளிக் கருவி நின்றது. சுவர் அட்டைக்குக் கீழே, அம்மா வழக்கமாக நிற்கிற இடத்தை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு தட்டு விழுந்தது. ஸ்பீக்கரில் அது வீட்டுக் கதவையே தட்டின மாதிரி கேட்டது.

இந்த வாரம் வலிக்குக் கொடுக்கிற மருந்தில் அம்மாவின் கை மிகவும் தளர்ந்திருந்தது. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நல்ல இடைவெளி விழும், அவசரப்படக் கூடாது, அதோடு முடிந்ததா இன்னும் வருமா என்று காத்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயாடி வாயைத் திறந்தான். அதற்குள் அப்பாவின் விரல் அழைப்பைத் துண்டித்துவிட்டது.