பச்சைக் கட்டம்

என் பொண்ணா? காலேஜ் மூணாவது வருஷம், தம்பி. ஒரே பொண்ணு. உங்களுக்கு ரெண்டுன்னு சொன்னீங்கல்ல, ரெண்டும் சின்னதுங்க, அதான் இன்னும் உங்களுக்குத் தெரியல. வளர்ந்துட்டா நம்ம பேச்செல்லாம் அதுங்க மனப்பாடமா வச்சிருக்கும். சொன்ன நமக்குத்தான் மறந்து போயிருக்கும்.

போன மாசம் அவங்க கிளாஸ்ல ஒரு வேலை குடுத்தாங்க. அடுத்த பதினஞ்சு வருஷம் வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சேர்த்துக் கொண்டு போவீங்கன்னு ஒரு சார்ட்ல கட்டம் போட்டு எழுதிட்டு வரணுமாம். இருபது மார்க்கு. மூணு பிள்ளைங்க எங்க வீட்டு ஹால்லதான் குப்புறப் படுத்துக்கிட்டுப் போட்டுதுங்க. கால் வைக்க இடமில்ல, தரை முழுக்க ஸ்கெட்ச் பேனா.

அதுல ஒரு பையன், நல்ல பிள்ளைதான், குறை சொல்லக்கூடாது. வேலைக்கு மட்டும் பதினஞ்சு கட்டம் போட்டுட்டு அரை மணி நேரத்துல பிஸ்கட் சாப்பிட வந்துட்டான். வீடு எங்கப்பான்னு கேட்டா, அது தானா நடக்கும் ஆன்ட்டிங்கறான். இன்னொரு பொண்ணு, கிளாஸ்லயே முதல் மார்க்கு, நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துடற மாதிரி வேலையாத் தேடித் தேடி எழுதறா. ஏம்மா, நீ ஆராய்ச்சி பண்ணப் போறேன்னியேன்னா, குழந்தைக்கு ஸ்கூல் விடற நேரம் ஆன்ட்டின்னு சொல்றா. எந்தக் குழந்தை, எந்த ஸ்கூலு? எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு.

எம்பொண்ணு சார்ட்டு இருக்கே, கண்ணுல ஒத்திக்கலாம், அவ்ளோ சுத்தம். நீலம்னா வேலை, மஞ்சள்னா குழந்தை. இருபத்திமூணுல கல்யாணம், இருபத்தஞ்சுல குழந்தை, மூணே மாசம் லீவு, மறுபடி வேலை. அப்புறம் காலைல எட்டுலேர்ந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் எல்லா வருஷமும் ஒரே பச்சை. பச்சைன்னா என்னடின்னேன். நீதாம்மான்னா.

எங்க வீட்டுக்காரரா? அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தாரு. எனக்கு ஒரு கட்டம்கூட இல்ல, தப்பிச்சேன்னு சொல்லிட்டு டிவிய போட்டுட்டாரு. எப்பவுமே பட்டும் படாமதான் அவரு.

அவளை என்னன்னு கேக்கறது, சொல்லுங்க. நான் குடுத்த வாக்குதானே. ஸ்கூல் முடிச்சப்ப, இந்தப் படிப்பு படிச்சா வீடு வாசலப் பார்க்க முடியாதுன்னு எவரோ கிளப்பி விட்டு, அழுதுட்டு உட்கார்ந்திருந்தா. நீ படிடி, உன் பிள்ளைய நான் வளர்த்துத் தரேன்னு சொன்னேன். அழுகைய நிறுத்தத்தான் சொன்னேன், ஆனா பொய்யாச் சொல்லல. இவ பொறந்தப்ப பார்த்துக்க ஆளில்லாம ஒன்பது வருஷம் வீட்ல உட்கார்ந்தவ நான். திரும்பி வேலைக்கு வந்தா, என்கிட்ட ஊசி குத்தி ரத்தம் எடுக்கக் கத்துக்கிட்ட பொண்ணு எனக்கு மேல உட்கார்ந்திருக்கு. கையெழுத்துக்கு அதுகிட்ட நிக்கணும். எம்பொண்ணு அப்படி நிக்கக்கூடாதுன்னு நெஜமாவே நெனச்சேன்.

அந்தச் சார்ட்டுக்காக, எனக்கு வந்த ஒரு பெரிய வேலைய விட்டுட்டேன், தம்பி. வெளியூரு. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அங்கதான்னாங்க. அப்போ இந்தப் பச்சைக்கெல்லாம் யாரு? வீட்ல ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்கல. சொன்னா, போம்மான்னுதான் சொல்லுவா. அவ மொகத்துல என்ன ஓடும்னு எனக்குத்தானே தெரியும். பத்து நாள் முன்னாடி, வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்.

இன்னிக்குக் காலைல பார்த்தா பழைய பேப்பர் கட்டுல அந்தச் சார்ட்டு கிடக்குது. ஏண்டி இதப் போய்ப் போட்டேன்னா, மார்க்கு வந்தாச்சும்மா, பதினெட்டுங்கறா. அப்ப கல்யாணம், குழந்தைன்னு எழுதினது? எழுதச் சொன்னாங்க எழுதினேன், எனக்குக் குழந்தை வேணுமான்னே தெரியல, நீ ஏம்மா இதையெல்லாம் நெஜம்னு எடுத்துக்கறேன்னு சொல்லிட்டு, ஷூவ மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா. திட்டக்கூட முடியல. அவ மேல தப்பு இருந்தாத்தானே திட்டறதுக்கு.

அதான் லீவு சொல்லிட்டு இந்த ஹெட் ஆபீஸுக்கு ஓடி வந்தேன். நான் எழுதின கடிதாசியத் திருப்பிக் குடுத்துடுங்கன்னு உள்ள இருக்கற மேடத்துகிட்ட கேட்டுடலாம்னு. வந்தா இந்த பெஞ்சுல நீங்க. புது லேபு, நான்தான் இன்சார்ஜு, வீட்டைக் காலி பண்றதா ஓனருக்கும் சொல்லியாச்சுன்னு எவ்ளோ சந்தோஷமாச் சொல்றீங்க.

ஆமா. அதே லேபுதான். லிஸ்ட்ல நீங்க ரெண்டாவது. முதல் பேரு என்னோடது.

அட, எதுக்கு எழுந்திரிக்கறீங்க? உட்காருங்க. நீங்க என்ன பண்ணீங்க, மன்னிப்பெல்லாம் கேக்கறீங்க? நான் இனிமே உள்ள போய் என்னன்னு கேப்பேன். விடுங்க.

அங்க பிள்ளைங்கள யாரு பார்த்துப்பாங்க? உங்க வீட்லயும் வேலைக்குப் போறாங்கன்னீங்களே. ஓ, மாமியார் கூடவே வராங்களா. நல்லது. அவங்க எங்கயாவது வேலைக்குப் போயிட்டிருந்தாங்களா?

எப்ப விட்டாங்க?

போன வாரமா.

சரி, போங்க தம்பி. உங்க பேரத்தான் கூப்பிடறாங்க.