முப்பத்துமூன்று தலைகளும் ஒரு டம்ளர் வெந்நீரும்

என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் ஊர்த்தலைவர் சுபார்த்தோ அவர்களே, ஆண்டின் முதல் மாதமான சூரோ மாத விருந்துக்கு ஆண்டுதோறும் துஆ ஓதி, ஓதிய வாய் மூடுமுன் முதல் தட்டை உரிமையோடு எடுக்கும் ஹாஜி மஸ்குர் அவர்களே, அணைக்கு மேலே மீன் வளர்ப்போரே, அணைக்குக் கீழே நெல் வளர்ப்போரே, குழாயைத் திருகினால் தண்ணீர் வரும், அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டறியாத நகரத்துப் பெருமக்களே, விடிந்ததிலிருந்து அண்டாவோடு அண்டாவாக வெந்து நிற்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோர் மீதும் அமைதி உண்டாகட்டும் என்று வேண்டி, கலிகெந்தி அணையின் காவலன் வகிரான் வணங்குகிறேன்.

வழக்கப்படி இந்நேரம் நான் மேடையில் நிற்கக்கூடாது. எருமைத் தலையை வெள்ளைத் துணியில் சுற்றிச் சுமந்துபோய், அணைக்கரையில் குழி தோண்டிக்கொண்டிருக்க வேண்டும். தலை எங்கே என்று பின்வரிசையில் முணுமுணுக்கிறீர்கள். காதில் விழுகிறது. தலை பத்திரமாக இருக்கிறது. அணை பத்திரமாக இருக்கிறதா என்பதுதான் இன்றைய கேள்வி.

மண்ணால் எழுந்த அணை, மழையால் நிறைந்த அணை, மாவட்டத்தின் தாகம் தீர்க்கும் அணை. கட்டி நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பெய்ததே ஒரு மழை, நினைவிருக்கிறதா? கரையின் உச்சிக்கு ஒரு சாண்தான் மிச்சம். ஊரே மூட்டை கட்டியது. நான் என்ன செய்தேன்? பயந்தேன். பயந்தவன் சும்மா இருப்பானா? அடுப்புக்குப் போகவிருந்த ஓர் எருமைத் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடி, கரையில் குழி வெட்டிப் புதைத்தேன். மறுநாள் காலை வெள்ளம் வடிந்தது.

ஏன் வடிந்தது? மழை நின்றது, வடிந்தது. ஆனால் ஊர் என்ன சொன்னது? "வகிரான் தலை வச்சான், தண்ணி பணிஞ்சிருச்சு." நான் மறுத்தேனா? மறுக்கவில்லை. மாலை போட்டீர்கள், மறுக்கவில்லை. அந்த வருடமே பெண் கொடுத்தார்கள், அதையும் மறுக்கவில்லை. என் மனைவி முன்வரிசையில் தலையில் அடித்துக்கொள்கிறாள். அவளுக்கு இப்போதுதான் உண்மை தெரியும்.

அன்று தொடங்கிய வழக்கம்தான் அன்பர்களே. முன்னோர் வழக்கம் என்று சொல்கிறீர்களே, அந்த முன்னோர் நான்தான். வருடத்துக்கு ஒரு தலை, தலைக்கு ஒரு குழி, குழிக்கு நாலு விரல் ஆழம் கூடுதல், ஏனென்றால் ஆழம் கூடக் கூடப் பலன் கூடும் என்று நானே ஒரு சாத்திரமும் சொல்லி வைத்தேன். முப்பத்துமூன்று வருடம், முப்பத்துமூன்று தலை, முப்பத்துமூன்று குழி. எல்லாமே அணையின் வயிற்றில்.

சரி, தலை போனது. தலையின் வாசனை போனதா? உடும்புக்கு மூக்கு இல்லையா? நாம் துஆ ஓதிவிட்டு வீட்டுக்குப் போவோம். உடும்புகள் குடும்பத்தோடு விருந்துக்கு வரும். நான் மேலிருந்து வெட்டினேன், அவை பக்கவாட்டில் வெட்டின. வருடாவருடம் கரையில் உடும்பு பெருகுகிறது என்று பார்த்தேன். "அணைக்குக் காவல் கூடுது"ன்னு இதே மேடையில் சொன்னேன். நீங்களும் கை தட்டினீர்கள். இப்போது ஏன் என்னை மட்டும் முறைக்கிறீர்கள்?

இனி துமினா அக்காவின் காப்பிக் கடைக்கு வருவோம். கரையின் அடிவாரத்தில் கடை. கடைக்குப் பின்னால் ஓர் ஊற்று. அணையிலிருந்து கசிந்து வரும் தண்ணீர், பளிங்கு போல இருக்கும். அக்கா அதில்தான் காப்பி போடுவார். நம் காப்பி எப்படிப்பட்டது? தூளைப் போட்டு, கொதிநீரை ஊற்றி, வண்டல் அடியில் தங்கும்வரை கதை பேசிக் குடிப்பது. வடிகட்டினால் நமக்கு அது காப்பியே இல்லை.

போன அறுவடைக்குப் பிறகு அக்காவின் காப்பி திடீரென்று கெட்டியானது. டம்ளரில் ஒரு விரற்கடை இருந்த வண்டல் இரண்டு விரற்கடை ஆனது. சுற்று வட்டாரமே கடையில் கூடியது. "அக்கா, என்ன வறுப்பு இது? நெஞ்சுல நிக்குதே," என்றேன் நான். "எங்க மாமியார் வீட்டுப் பக்குவம் தம்பி, வெளிய சொல்லமாட்டேன்," என்றார் அவர். மாமியாரோடு பத்து வருடமாகப் பேச்சில்லாதவர். நான் தினம் மூன்று டம்ளர் குடித்தேன். அணையைக் காக்க வேண்டியவன் அணையைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கரண்டியை ஓங்குகிறார். ஓங்குங்கள் அக்கா, அந்தக் கரண்டிக்கு இன்று வேலை இருக்கிறது.

சென்ற மாதம் எஞ்சினியர் ஹெஸ்தி என்றொரு பெண் அணையைப் பார்க்க வந்தார். நம் வழக்கப்படி முதலில் காப்பி கொடுத்தோம். "எனக்குக் காப்பி ஒத்துக்காதுக்கா, வெறும் வெந்நீர் குடுங்க போதும்," என்றார். கலிகெந்தியில் வெறும் வெந்நீர் கேட்ட முதல் மனித உயிர் அவர்தான். நாங்கள் பரிதாபப்பட்டோம்.

டம்ளரை மேசையில் வைத்தார். பேசிக்கொண்டிருந்தார். எடுத்துக் குடிக்கப் போனவர் குடிக்கவில்லை. டம்ளரை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு விரற்கடை செம்மண்.

"இந்தத் தண்ணி எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"பின்னாடி ஊத்துலம்மா. சுத்தமான தண்ணி," என்றார் அக்கா.

அந்தப் பெண் எழுந்தார், ஊற்றைப் பார்த்தார், கரை மேலே ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு குழிமேட்டைக் காலால் தட்டிக் கேட்டார்.

"ஐயா, இது என்ன?"

"தலைம்மா."

"யார் தலை?"

"எருமைத் தலை. அணை நல்லா இருக்கணும்னு."

"எத்தனை?"

சொன்னேன். அவர் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். நான் என்ன நினைத்தேன்? மலைத்துவிட்டார், இவ்வளவு பக்தியை நகரத்தில் பார்த்திருக்கமாட்டார் என்று நினைத்தேன். கடவுளே, என் மடமையே.

"ஐயா, மண் அணைன்னா தண்ணி கசியத்தான் செய்யும், அது தப்பில்ல. தெளிவா கசியணும். கலங்கி வந்தா, அணை உள்ளுக்குள்ள தன்னையே கரைச்சு அனுப்புதுன்னு அர்த்தம். உங்க குழி, உடும்புப் பொந்து, எல்லாம் சேர்ந்து தண்ணிக்கு வழி போட்டுக் குடுத்திருக்கு. பாதித் தண்ணிய இறக்கிட்டு, தோண்டி அடைக்கணும். அடுத்த மழைக்கு முன்னாடி முடியலேன்னா நான் இந்தக் கரைக்குக் கீழ நிக்கமாட்டேன்."

"யாரும் நிக்கக்கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"கீழ யார் வீடு இருக்கு?" என்றார்.

கீழே முதல் வீடு என் மகள் சுலாஸ்திரியின் வீடு. அவள் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அணைக்கரைதான் தெரியும். அப்பா இருக்கிறார், பயமில்லை என்று அந்த இடத்தை அவளே கேட்டு வாங்கினாள். அவள் வீட்டுக்குக் கீழே நானூறு வீடுகள். அன்று மாலை எனக்குக் காப்பி இறங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டையும் சபையில் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினேன்.

யார் அங்கே எழுந்து நிற்பது? கூண்டு மீன் பர்ஜோவா? கேள் தம்பி.

"தண்ணிய இறக்குனா என் மீனு என்னண்ணே ஆவும்? நீங்க தோண்டுன குழிக்கு நான் ஏன் அழணும்?"

நியாயமான கேள்வி. கை தட்டுங்கள் அவனுக்கு. தம்பி, உனக்கு நட்டம்தான். மீன் பாதி வளர்த்தியில் போகும். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும், நகரத்துப் பெருமக்கள் வாளியோடு நிற்பார்கள், எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். திட்டுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அணை போனால் மீன் இருக்குமா? கூண்டு இருக்குமா? என்னைத் திட்டுவதற்கு நீ இருப்பாயா? உன் மீனைச் சின்னதாக இருக்கும்போதே ஊர் முழுக்க வாங்கிப் பொரிக்கட்டும். தலைவர் அவர்களே, கடிகாரத்தை விட்டு நிமிர்ந்து அதற்குத் தலையாட்டுங்கள். ஆட்டிவிட்டார், எல்லோரும் பார்த்தீர்கள்.

ஹாஜி மஸ்குர் ஏதோ சொல்கிறார். "வருஷா வருஷம் குடுத்த தலைய இந்த வருஷம் குடுக்கலேன்னா அணைக்குக் கோவம் வராதா வகிரான்?"

ஹாஜியார் அவர்களே, அணை நம்மிடம் எந்தத் தலையைக் கேட்டது? வாரம் ஒருமுறை அடிவாரத்தில் குனிந்து, கசிகிற தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்க்கும் ஓர் ஆளைக் கேட்டது. அந்த வேலைக்குத்தான் என்னை வைத்தீர்கள். அந்த ஆள் முப்பத்துமூன்று வருடம் மண்வெட்டியோடு அதன் வயிற்றைக் குத்திக்கொண்டிருந்தான். கோபம் வரவேண்டுமானால் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். பொறுத்தது அணை. இனியும் பொறுக்கும் என்று எதிர்பார்ப்பது நமக்கே அடுக்காது.

இப்போது தலை எங்கே என்று சொல்கிறேன். ஒரு மணிநேரமாக மூக்கால் வாசனை பிடித்துக்கொண்டு என் பேச்சைக் கேட்டீர்களே, என் தமாஷுக்காகவா இருந்தீர்கள்? அந்த அண்டாவில் இருக்கிறது முப்பத்துநான்காவது தலை. துமினா அக்கா விடியலிலேயே சூப்பு வைத்துவிட்டார். பயப்படாதீர்கள், ஊற்றுத் தண்ணீர் இல்லை, குழாய்த் தண்ணீர்.

தண்ணீரை இறக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள். அக்கா கரண்டியையே தூக்கிவிட்டார். ஹாஜியாரும் தூக்கிவிட்டார், சூப்புக்கா அணைக்கா என்று நான் கேட்கமாட்டேன். என் மகள் இரண்டு கையையும் தூக்குகிறாள், ஒன்று போதும் கண்ணே. பர்ஜோவின் கை பாதிதான் எழும்பியிருக்கிறது. பரவாயில்லை தம்பி, தண்ணீரையும் பாதிதான் இறக்கப் போகிறோம்.

இதோ என் மண்வெட்டியை மேடையில் வைக்கிறேன். தோண்டியது போதும், இனி அடைக்கும் கையில் இருக்கட்டும். மதகுச் சக்கரம் துருவேறிக் கிடக்கிறது, திருக எட்டு ஆள் வேண்டும். குடித்த கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு என்னோடு கரைக்கு ஏறி வாருங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இத்தனை காலம் பொறுமையாக நின்ற அணைக்கும் என் நன்றி. கும்பிடுகிறேன், முதல் கிண்ணம் ஹாஜியாருக்கு.