கழற்றிய பாகங்கள்

தேநீரில் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல உட்கார்ந்த இடத்திலேயே ஆட்களை விசாரிப்பவர்கள், இனிப்பாகக் குடித்துக் குடித்தே கடைவாய்ப் பல்லைக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். பல் மருத்துவராகச் சொல்லவில்லை. பார்த்தால் என் தங்கை மாதிரி இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது என் மாமனார் வாங்கிய கார். முன்பக்கம் தனித்தனி இருக்கைகள் கிடையாது. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீளச் சீட்டு. கியரும் ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும், நடுவில் இடிப்பதற்கு எதுவுமில்லை. கல்யாணமான புதிதில் வீடு நிறைய ஆட்கள். நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு வார்த்தை பேச வேண்டுமென்றால், "பெட்ரோல் போட்டுட்டு வர்றோம்" என்று கிளம்பிவிடுவோம். தெருமுனை திரும்பியதும் நான் நகர்ந்து நகர்ந்து அவர் தோளோடு ஒட்டிக்கொள்வேன். "என்னடா இது, வண்டி இந்தக் குடி குடிக்குது" என்று மாமியார் அதிசயப்படுவார்.

எங்கள் வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்குள் அதைப் புதுப்பித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான். பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறைக்காரர் ஒருவரிடம் விட்டோம். துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது மட்டும் என்று பேச்சு. கொஞ்ச நாள் கழித்து போனில் கூப்பிட்டார். "டாக்டரம்மா, பிரிச்சுப் பார்த்தா உள்ள ஏகப்பட்ட வேலை இருக்கு." நான் அப்போது ஒரு குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தேன். "வேண்டியதைச் செய்ங்க" என்று வைத்துவிட்டேன்.

போய்ப் பார்த்தபோது பெயின்ட் கண்ணாடியாக மின்னியது. அதில் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இரண்டு தனித்தனிச் சீட்டுகள் இருந்தன. நடுவில் தம்ளர் வைக்க ஒரு பெட்டி.

"பழைய சீட்டு எங்கே?" என்றேன்.

"அதுவா? ஸ்பிரிங்கெல்லாம் போச்சும்மா. காயலான் கடைக்குத் தள்ளிட்டேன். இப்ப ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஜம்முனு சாஞ்சுக்கலாம்."

பில் பேசியதைப் போல மூன்று மடங்கு வந்திருந்தது. சீட்டைக் கழற்றியதற்குத் தனிக் கூலி. முழுத் தொகையும் கட்டினால்தான் சாவி என்றார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, குடுத்துத் தொலைச்சிடலாம். சீட்டுதானே" என்றார். உள்ளுக்குள் உடைந்துபோனால் அவர் இப்படித்தான் பேசுவார். எனக்குத் தெரியாதா?

நுகர்வோர் உதவி மையத்தில் இருந்த பெண் மிகப் பொறுமையாக விளக்கினாள். செலவு இவ்வளவு ஆகும் என்று முதலிலேயே சொல்ல வேண்டுமாம். கூடுதல் வேலை எதுவானாலும் ஒவ்வொன்றுக்கும் சம்மதம் கேட்க வேண்டுமாம். கழற்றிய பழைய பாகங்கள் நம்முடையவை, கேட்டால் திருப்பித் தர வேண்டுமாம். புகார் எழுதித் தரச் சொன்னாள். எனக்கு அந்தப் பட்டறைக்காரர் மேல் கோபம் வரவில்லை. பாவம், இதெல்லாம் அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்றுதான் தோன்றியது.

அடுத்த வாரமே கன்னம் வீங்கி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரே என் கிளினிக்குக்கு வந்தார். ஊரில் வேறு பல் டாக்டர் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் கணக்கு வேறு. "நம்ம பில்லுல கழிச்சுக்கலாம்மா" என்றார். சிரித்துவிட்டேன். நாற்காலியில் சாய்ந்ததும், "உயிர் போகுது டாக்டரம்மா, வேண்டியதைச் செய்ங்க" என்றார்.

ஒரு பல்தான் சொத்தை. அதற்கு எவ்வளவு செலவாகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மரத்துப்போக ஊசி போட்டேன். வாய் மூடாமலிருக்கத் தாங்கி மாட்டினேன். கை ஆடினால் அவருக்குத்தான் ஆபத்து என்பதால் கைகளைக் கட்டினேன். பிறகு பிரித்துப் பார்த்தால், உள்ளே ஏகப்பட்ட வேலை இருந்தது.

ஒவ்வொரு பல்லுக்கும் சம்மதம் கேட்டேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். "அடுத்ததையும் எடுத்துடலாமா?" என்பேன். "ஆ" என்பார். தாங்கி மாட்டிய வாயில் வேறு சத்தம் வராது என்பது உண்மைதான். ஆனால் போனில் நான் சொன்னதற்கும் இதைவிடப் பெரிய அர்த்தம் எதுவும் இருக்கவில்லை.

என் நர்ஸ் மட்டும், "மேடம், அது நல்ல பல்லு மேடம்" என்று முனகினாள்.

"அதுவும் நல்ல சீட்டுதான்மா" என்றேன்.

அவள் அழுதுகொண்டே வெளியே ஓடினாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள்.

கழற்றியதையெல்லாம் கழுவித் துடைத்து, பஞ்சு வைத்து, ஒரு டப்பாவில் போட்டு அவர் மடியில் வைத்தேன். ஒன்றுகூடக் காயலான் கடைக்குப் போகவில்லை. எனக்கு யாரும் இந்த மரியாதையைச் செய்யவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

பல் செட்டுக்கு அளவெடுத்துச் செய்யக் கொடுத்தேன். அருமையாக வந்தது. செட் வந்த மறுநாளிலிருந்து அவர் மனைவி தினமும் வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, வண்டிய எடுத்துக்குங்க. ஒரு பைசா வேணாம். அந்தச் செட்டை மட்டும் குடுத்துடுங்க. மனுஷன் கண்ணாடியப் பார்த்துப் பார்த்து அழுவுறாரு."

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். "சீட்டு வரட்டும்மா. வந்த நிமிஷமே நானே மாட்டிவிடுறேன்."

"சீட்டுக்கு நான் எங்கக்கா போவேன்? கடைக்காரன் அதை அறுத்து அவன் நாய்க்கு மெத்தை தச்சுட்டானே!"

அப்படியானால் நாய் படுத்தது போக மிச்சத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அது வரும்வரை செட் என் அலமாரியில் இருக்கும். தொகை தீராமல் பொருளைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் பட்டறை வழக்கம்தான்.

ஆமாம். வாயில் இருந்த அத்தனை பற்களையும் நானே எடுத்தேன். ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் கல்லு மாதிரி இருந்தன. ஈறு விடமாட்டேன் என்றது. அந்த மனிதருக்கு வலித்ததா என்று கேட்கிறீர்கள். ஊசி வேலை செய்வது கொஞ்ச நேரம்தான். பிற்பகல் முழுக்க ஆயிற்று.

என் வீட்டுக்காரர் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை என்றும் சொல்கிறீர்கள். அதில் தப்பாக எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. பட்டறைக்காரர் மனைவியிடம் சாவியை வாங்கி, வண்டியை வாசலில் நிறுத்தியது அவர்தான். நான் போய்ப் பார்த்தபோது பின்னால் மூட்டை முடிச்செல்லாம் ஏற்றியிருந்தார். நான் உட்கார வேண்டிய சீட்டில் ஒரு பெட்டியை வைத்து, பெல்ட்டும் போட்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றேன்.

வாயைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டு, "ஓட்டிப் பார்த்துட்டு வர்றேன்" என்றார். பல் கூச்சமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு போனை எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக் கூடாது, நல்ல பழக்கம். வேலை முடிந்து வந்த வண்டியை, முழுத் திருப்தி வரும்வரை ஓட்டிப் பார்ப்பது எந்த நுகர்வோருக்கும் உரிமைதானே. அவர் நிதானமாகவே வரட்டும்.